4 மாதம், 4 வயது, 11 வயது: எந்த வயதுக்கு எந்த ஆப்?

மூணுவாலு கேட்டது:

வீட்டில் மூன்று பிள்ளைகள். கடைக்குட்டிக்கு 4 மாதம், நடுவில் உள்ளவளுக்கு 4 வயது, பெரியவனுக்கு 11. என்னிடம் ஆண்ட்ராய்டு, கணவரிடம் ஐபோன். பெரியவனுக்கு ஒரு பழைய ஆண்ட்ராய்டு போனைக் கொடுக்கலாம் என்று இருக்கிறோம். ஸ்டோரில் தேடினால் ஒவ்வொன்றுக்கும் நூறு ஆப் வருகிறது, எல்லாமே 4.5 ஸ்டார்.

கைக்குழந்தைக்குப் பால், தூக்கம், எடை எழுதி வைக்க ஆப் வேண்டுமா, நோட்டு போதுமா? காய்ச்சல் மருந்து அளவு சொல்லும் ஆப்களை நம்பலாமா? 4 வயதுக்காரிக்கு விளம்பரம் இல்லாத ஆப் எப்படிக் கண்டுபிடிப்பது? பெரியவன் போனுக்கு எது சரியான கட்டுப்பாடு? பட்டியல் வேண்டாம், எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்று சொன்னால் போதும்.

---

தொட்டில்கணக்கு பதில்:

கைக்குழந்தை விஷயத்துக்கு மட்டும் எழுதுகிறேன்.

பால், டயபர் கணக்கு உண்மையில் உதவுவது முதல் சில வாரங்களில். பிறந்த குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை பால் குடிக்க வேண்டும். 5 நாள் ஆனபின் ஒரு நாளைக்குக் குறைந்தது 6 ஈர டயபராவது இருக்க வேண்டும். தூக்கம் கெட்ட வீட்டில் இந்த இரண்டும் நினைவில் நிற்காது, அதற்குத்தான் ஆப். 4 மாதத்தில் எடை ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தால் அந்தக் கணக்கை நிறுத்திவிடலாம். எடை, தடுப்பூசி, காய்ச்சல் வந்த நாள், கொடுத்த மருந்து, இவ்வளவு எழுதினால் போதும். நோட்டிலும் எழுதலாம். இருவரும் மாறி மாறிப் பார்த்துக்கொள்கிற வீட்டில்தான் ஆப்புக்கு ஒரு கூடுதல் பயன்: "மருந்து கொடுத்தாச்சா?" என்று தூங்குகிறவரை எழுப்பிக் கேட்க வேண்டியதில்லை.

எடுப்பதாக இருந்தால் பார்க்க வேண்டியவை: ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் ஒரே கணக்கில் ஓட வேண்டும் (உங்களுக்கு இதுதான் முதல் வடிகட்டி, பாதி ஆப் இங்கேயே கழிந்துவிடும்). ஒரு கையால், ஒரே தட்டலில் பதிய வேண்டும். நெட் இல்லாதபோதும் பதிவு ஏற வேண்டும். பதிந்ததை சிஎஸ்வி (எக்செலில் திறக்கும் அட்டவணைக் கோப்பு) அல்லது பிடிஎஃப் ஆக வெளியே எடுக்க வழி இருக்க வேண்டும். கடைசியதை முதல் நாளே சோதித்துவிடுங்கள். எழுதுவதற்குக் காசு கேட்காமல், எழுதியதை எடுப்பதற்குக் காசு கேட்கும் ஆப்கள் உண்டு.

வளர்ச்சி வரைபடம் காட்டும் ஆப்பில் எந்த வரைபடம் என்று பாருங்கள். பிறப்பு முதல் 5 வயது வரைக்கு உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட தரவரைபடம் இருக்கிறது. அமைப்புகளில் அந்தப் பெயர் இல்லாமல் வெறும் "சராசரி" என்று கோடு காட்டினால் அதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. உயரத்தில் ஒரு பிசகு அடிக்கடி நடக்கும். 2 வயது வரை படுக்கவைத்து அளப்பது, அதன்பின் நிற்கவைத்து. ஒரே குழந்தையைப் படுக்கவைத்து அளந்தால் சுமார் 0.7 செ.மீ. கூடுதலாக வரும். அளவு மாறும் அந்த மாதத்தில் கோடு திடீரென்று சரிந்தது போலத் தெரியும், பயப்பட ஒன்றுமில்லை. குறைமாதக் குழந்தையாக இருந்தால் திருத்திய வயது போடும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். பிரசவத் தேதியாகக் குறித்த நாளிலிருந்து எண்ணுவதுதான் திருத்திய வயது, 2 வயது வரை அதுவே கணக்கு.

எந்த வயதில் என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் மைல்ஸ்டோன் டிராக்கர் ஆப் இலவசம், 2 மாதம் முதல் 5 வயது வரை. 2022-இல் அதன் பட்டியலைத் திருத்தினார்கள். இப்போது அந்த வயதில் 75 சதவீதம் அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகள் செய்வதைத்தான் போட்டிருக்கிறார்கள். அதனால் ஒரு கட்டத்தில் டிக் விழவில்லை என்றால் "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று தள்ளாமல் மருத்துவரிடம் காட்டிவிடலாம். ஏற்கனவே செய்துகொண்டிருந்த ஒன்றை நிறுத்திவிட்டால் இன்னும் சீக்கிரம்.

மருந்து அளவு ஆப்: கணக்கு சரியாகத்தான் போடும், சிக்கல் பாட்டிலில். பாராசிட்டமால் ஒரு வேளைக்கு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 மி.லி.-க்கு 120 மி.கி. உள்ள சிரப்பில் அது 6.25 மி.லி. 250 மி.கி. சிரப்பில் 3 மி.லி. ஆப் அமெரிக்காவில் செய்யப்பட்டதாக இருந்தால் 5 மி.லி.-க்கு 160 மி.கி. என்று எடுத்துக்கொண்டு 4.7 மி.லி. என்று சொல்லும். அதை 250 சிரப்பில் ஊற்றினால் 235 மி.கி. உள்ளே போகும். 1 மி.லி.-க்கு 100 மி.கி. உள்ள சொட்டு மருந்தில் ஊற்றினால் 470, அதாவது மூன்று மடங்கு. பாட்டிலின் அடர்த்தியை நாமே உள்ளிட வழியில்லாத ஆப்பை அழித்துவிடுங்கள். வழி இருந்தாலும் மருத்துவர் எழுதிய மி.லி.-யோடு ஒப்பிட மட்டும் வையுங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் ஊற்றாமல் போன் போட்டுக் கேளுங்கள். 3 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் தொட்டாலே ஆப்புக்கு வேலை இல்லை, நேரே மருத்துவர்தான்.

தூங்கவைக்கும் இரைச்சல் ஆப் போட்டால் போன் தொட்டிலுக்குள் வேண்டாம். குறைந்தது 2 மீட்டர் தள்ளி, ஒலி குறைவாக, தூங்கியதும் அணைகிற டைமரோடு.

---

இரட்டைக்கொடி பதில்:

மேலே சொன்னதில் ஒரு சின்ன மாற்றுக்கருத்து. இரட்டைக் குழந்தைகள், குறைமாதம், எடை ஏறாத குழந்தை என்றால் 4 மாதத்தில் கணக்கை நிறுத்தாதீர்கள், மருத்துவர் போதும் என்று சொல்லும்வரை எழுதுங்கள். இரட்டையர் என்றால் ஒரே திரையில் இரண்டு பேருக்கும் தனித்தனி பொத்தான் இருக்கிற ஆப் அவசியம். பெயர் மாற்றி மாற்றிப் பதிய வேண்டியிருந்தால் இரவு மூன்று மணிக்கு யாருடைய பால் யார் கணக்கில் ஏறும் என்று சொல்ல முடியாது.

"அடுத்த தூக்கம் எத்தனை மணிக்கு" என்று கணித்துச் சொல்லும் வசதிக்கு மாதச் சந்தா கட்டத் தேவையில்லை. நாம் பதிந்ததை வைத்துத்தான் அது கணிக்கிறது. ஒரு வாரம் பதிந்தால் உங்களுக்கே நேரம் பிடிபட்டுவிடும்.

---

குட்டித்திரை பதில்:

4 வயசுக்கு வர்றேன்.

முதல்ல ஒரு தப்பான புரிதல். ஸ்டோர்ல 3+ னு போட்டிருந்தா அது 3 வயசுக் குழந்தைக்காகச் செஞ்ச ஆப்னு அர்த்தம் இல்ல. அந்த வயசுக்கு ஒவ்வாத வன்முறை, ஆபாசம், கெட்ட வார்த்தை இல்லைங்கிறது மட்டும்தான். கால்குலேட்டருக்கும் 3+ தான். குழந்தைக்குப் புரியுமா, கத்துக்குமாங்கிறதுக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமில்ல. பிளே ஸ்டோர்ல குழந்தைகள் பகுதியில "டீச்சர் அப்ரூவ்டு" முத்திரை இருக்கு, அது கொஞ்சம் உருப்படி. பெயருக்குக் கீழேயே "விளம்பரங்கள் உள்ளன", "ஆப்பிற்குள் வாங்குதல்" ரெண்டும் எழுதியிருக்கும், ஸ்டாரைப் பார்க்கிறதுக்கு முன்னாடி அதைப் பாருங்க.

அப்புறம் குழந்தை கையில கொடுக்கிறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் நீங்களே விளையாடுங்க. குழந்தை மாதிரியே. கண்டதையும் தட்டுங்க, மூலையெல்லாம் அமுக்குங்க. மூணு விஷயம் தெரியும்.

விளம்பரம் வந்தா மூடுற பெருக்கல் குறி எவ்வளவு பெரிசு? மிளகு அளவுல மூலையில ஒளிஞ்சிருந்து, அதுவும் அஞ்சு செகண்ட் கழிச்சு வந்தா, 4 வயசு விரல் கண்டிப்பா விளம்பரத்து மேலதான் படும். தட்டினதும் ஸ்டோரோ பிரவுசரோ திறக்குதா? திறந்தா வேண்டாம். காசு கட்டுற இடத்துக்கு முன்னாடி பெரியவங்களுக்கான கேள்வி வருதா? "7 பெருக்கல் 8" மாதிரி வரணும். "இங்க அமுக்கிப் பிடி"ன்னு மட்டும் வந்தா 4 வயசு அதைத் தாண்டிடும்.

கடைசியா விமானப் பயன்முறையில போட்டுத் திறந்து பாருங்க. நெட் இல்லாம ஓடுற ஆப்பா இருந்தா அப்படியே கொடுத்துடலாம், பெரும்பாலான விளம்பரம் அதோட போச்சு. திறக்கவே மாட்டேங்குதுன்னா ஏன் ஒரு வண்ணம் தீட்டுற ஆப்புக்கு நெட் வேணும்னு யோசிங்க. அதே மாதிரி வண்ணம் தீட்டுற ஆப் இருப்பிடம், தொடர்புகள் அனுமதி கேட்டா அங்கேயே அழிச்சிடலாம்.

பெயர் சொல்லணும்னா ரெண்டு சொல்றேன். கான் அகாடமி கிட்ஸ், 2 முதல் 8 வயசு வரைக்கும், விளம்பரமும் இல்ல சந்தாவும் இல்ல. 5 வயசு ஆனதும் ஸ்கிராட்ச் ஜூனியர், 5 முதல் 7 வயசுக்கு, கட்டங்களை அடுக்கிப் படம் நகர வைக்கிறது. இலவசம்தான். எழுத்துப் படிக்கத் தெரியாமலே செய்யலாம்.

யூடியூப் கிட்ஸ் வேணும்னா வயசுக்குத் தக்க அளவை மட்டும் வெச்சு விட்டுடாதீங்க. "அனுமதித்த உள்ளடக்கம் மட்டும்"னு ஒரு அமைப்பு இருக்கு. கீழ் மூலையில பூட்டுப் படம், அமைப்புகள், குழந்தையோட புரொஃபைல், உங்க கடவுச்சொல், அப்புறம் அந்தத் தேர்வு. நீங்க தேர்ந்தெடுத்த சேனலும் வீடியோவும் மட்டும்தான் தெரியும், தேடல் தானா அணைஞ்சிடும். முதல்ல ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்து சேர்க்கணும், அதுக்குப் பயந்துதான் நிறைய பேர் இதைச் செய்யறதில்ல. அதே பூட்டுக்குள்ள டைமரும் இருக்கு. தானா அடுத்தது ஓடுறதையும் அணைச்சிடுங்க.

உங்க போனையே கொடுக்கிறதா இருந்தா, ஆண்ட்ராய்டுல பாதுகாப்பு அமைப்புகள்ல "ஆப் பின்னிங்" இருக்கும், போனுக்குப் போன் இடம் கொஞ்சம் மாறும். அதை ஆன் பண்ணும்போது "விடுவிக்க பின் கேட்கவும்"ங்கிறதையும் சேர்த்து ஆன் பண்ணுங்க. அதை விட்டுட்டா சும்மா விரலை இழுத்தாலே வெளிய வந்துடுவா. ஐபோன்ல அமைப்புகள், அணுகல்தன்மை, "கைடட் ஆக்சஸ்". ஆப்பைத் திறந்து பக்கவாட்டு பட்டனை மூணு தடவை அமுக்கினா தொடங்கும். இதுல ரொம்ப நல்லது என்னன்னா, திரையில விரலால வட்டம் போட்டு அந்த இடத்துல தொட்டா வேலை செய்யாம பண்ணலாம். கடை பட்டன் மேல ஒரு வட்டம் போட்டுடுங்க. நேர வரம்பும் அங்கேயே வைக்கலாம்.

காசு போகாம இருக்க, பிளே ஸ்டோர் அமைப்புகள்ல ஒவ்வொரு வாங்குதலுக்கும் சரிபார்ப்பு கேட்கிற மாதிரி வைங்க. ஐபோன்ல ஸ்கிரீன் டைம், உள்ளடக்கக் கட்டுப்பாடுகளுக்குள்ள ஆப்பிற்குள் வாங்குறதை "அனுமதிக்காதே"ன்னு வெச்சிடலாம். குழந்தையோட விரல்ரேகையை உங்க போன்ல பதிஞ்சு வெச்சிருந்தா இதெல்லாம் வீண், முதல்ல அதை எடுங்க.

நேரம்: உலக சுகாதார நிறுவனத்தோட 2019 வழிகாட்டுதல்ல 2 முதல் 4 வயசுக்கு ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல வேண்டாம், குறைஞ்சா இன்னும் நல்லதுன்னு இருக்கு. 1 வயசுக்குக் கீழ திரையே வேண்டாம்.

---

மூணுவாலு:

குட்டித்திரை, விரல்ரேகை விஷயம் சரியாக மாட்டியது, எடுத்துவிட்டேன். மருந்து ஆப் பாட்டில் அடர்த்தியைக் கேட்கவே இல்லை, அதையும் அழித்தாயிற்று. பெரியவன் போனுக்குக் காசு கட்டி வாங்கும் கண்காணிப்பு ஆப் வேண்டுமா, கூகுளின் பெற்றோர் கட்டுப்பாட்டு ஆப்பான ஃபேமிலி லிங்க் போதுமா? ஐபோனிலிருந்து கணவரும் பார்க்க முடியுமா?

---

சாவிக்கொத்து பதில்:

ஃபேமிலி லிங்க் போதும். பிள்ளையின் போன் ஆண்ட்ராய்டாக இருந்தால் பெற்றோர் போன் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, ஐபோனுக்கும் அந்த ஆப் இருக்கிறது. ஆப்பிளின் ஸ்கிரீன் டைம் மறுபக்கம் வேலை செய்யாது, அதை வைத்து ஆண்ட்ராய்டைக் கட்டுப்படுத்த முடியாது.

வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். பழைய போனை முழுதாக ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். உங்கள் பழைய கூகுள் கணக்கு அதில் இருந்தால் அதன் வழியாக எல்லாவற்றையும் தாண்டலாம். ஆண்ட்ராய்டு 7-க்குக் கீழே இருந்தால் அந்தப் போனே வேண்டாம். பிறகு அவனுடைய உண்மையான பிறந்த தேதியில் கணக்கு திறந்து உங்கள் கணக்கோடு இணையுங்கள். "ஏதாவது ஒரு வருடம் போடலாம்" என்று வயதைக் கூட்டிப் போட்டால் கூகுள் அவனைப் பதின்வயதினனாக எடுத்துக்கொள்ளும், 13 வயதுக்குட்பட்ட கணக்குக்கான கட்டுப்பாடுகள் அவனுக்கு அப்படியே பொருந்தாது (சில நாடுகளில் இந்த வயது வரம்பு கூடுதல்). கணவரை குடும்பக் குழுவில் பெற்றோராகச் சேர்த்துவிட்டால் அவரும் அனுமதி கொடுக்கலாம், நேரம் மாற்றலாம்.

அமைத்த பிறகு எங்கே ஓட்டை விழுகிறது என்பதுதான் முக்கியம்.

ஆப் அனுமதி பிளே ஸ்டோருக்குத்தான் செல்லும். நிறைய போன்களில் தயாரிப்பாளரின் இன்னொரு ஸ்டோரும் இன்னொரு பிரவுசரும் முன்கூட்டியே ஏற்றப்பட்டிருக்கும். தளங்களை வடிகட்டுவது குரோமில் மட்டும். ஆகவே அந்த இரண்டையும் ஆப் வரம்புகளில் போய்த் தடுத்துவிடுங்கள். "தெரியாத மூலங்களிலிருந்து நிறுவுதல்" அணைந்திருக்கிறதா என்று சாதன அமைப்புகளில் பாருங்கள்.

ஒருமுறை அனுமதித்த ஆப்பை அழித்துவிட்டுத் திரும்பப் போட அனுமதி கேட்காது. வேண்டாம் என்று முடிவு செய்த ஆப்பை அழிக்காமல் தடையில் வையுங்கள்.

நாள் வரம்பு சாதனத்துக்குத்தான், பிள்ளைக்கு அல்ல. போனில் 1 மணி, டேப்லெட்டில் 1 மணி என்று வைத்தால் மொத்தம் 2 மணி. இரவு ஓய்வு நேரத்தைத் தனியாக வைக்க வேண்டும், நாள் வரம்பு தீராமல் இருந்தாலும் அந்த நேரத்தில் பூட்டிக்கொள்ளும். பூட்டிய பிறகும் வரும் அழைப்பை எடுக்கலாம். படிப்புக்கு வேண்டியதையும் வரைபடத்தையும் "எப்போதும் அனுமதி"யில் போட்டால் வரம்பு தீர்ந்தாலும் ஓடும், ஆனால் அதில் மூன்று நான்கு ஆப்புக்கு மேல் போடாதீர்கள், பிறகு வரம்பு பேருக்குத்தான்.

போன் நெட் இல்லாத இடத்தில் பூட்டிக்கொண்டால் உங்கள் ஆப்பில் "பெற்றோர் அணுகல் குறியீடு" என்று ஒரு எண் இருக்கும். அதைச் சொன்னால் திறக்கும். இது தெரியாமல் இரண்டாவது ரீசெட் செய்கிறவர்கள் அதிகம்.

இருப்பிடம் காட்டும், ஆனால் போன் ஆனில் இருந்து நெட்டோடு இணைந்திருந்தால்தான். புள்ளிக்குப் பக்கத்தில் எப்போது பதிவானது என்று நேரம் போட்டிருக்கும். பதறுவதற்கு முன் அந்த நேரத்தைப் படியுங்கள். செய்திகளை, அரட்டையை ஃபேமிலி லிங்க் காட்டாது.

யூடியூப் கிட்ஸை 11 வயது ஒதுக்கிவிடும். அதற்கு யூடியூபிலேயே மேற்பார்வைக் கணக்கு உண்டு. மூன்று நிலைகளில் முதலாவது 9 வயதுக்கு மேல், அங்கே தொடங்குங்கள்.

கணவரின் ஐபோனைப் பிள்ளைகள் எடுப்பதுண்டு என்றால் ஒரு வார்த்தை. ஸ்கிரீன் டைமில் ஆப் வரம்பு வைக்கும்போது "வரம்பு முடிந்ததும் தடு" என்கிற சுவிட்ச் ஆனில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் "வரம்பைப் புறக்கணி" என்று வரும், தட்டினால் தீர்ந்தது. ஸ்கிரீன் டைம் கடவு எண்ணும் போன் திறக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கக் கூடாது.

---

கடைசிபெஞ்சு பதில்:

காசு கட்டிய கண்காணிப்பு ஆப் பற்றி நான் சொல்கிறேன். செய்தி, அழைப்பு, படம் எல்லாவற்றையும் "பிள்ளைக்குத் தெரியாமல்" பார்க்கலாம் என்று விற்பவை இருக்கின்றன. நிறுவும்போதே பிளே புரொடெக்டை (தீங்கான ஆப்பைக் கண்டுபிடிக்கும் கூகுளின் பாதுகாப்பு வசதி) அணைக்கச் சொல்வார்கள், ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஏபிகே (ஆப்பை நிறுவும் கோப்பு) இறக்கச் சொல்வார்கள், அணுகல்தன்மை அனுமதியை (திரையில் இருப்பதைப் படிக்கவிடும் அனுமதி) முழுதாகக் கேட்பார்கள். இந்த மூன்றில் ஒன்று வந்தாலும் நிறுத்திவிடுங்கள். பிள்ளையின் அத்தனை செய்தியும் படமும் முகம் தெரியாத ஒருவரின் சர்வரில் போய் உட்காரும். பிள்ளை கண்டுபிடித்துவிட்டால் அடுத்து நடப்பது இரண்டாவது போனும் இரண்டாவது கணக்கும்தான்.

சாவிக்கொத்து சொன்னதில் ஒன்று கூட்டுகிறேன். ஓட்டைகளை எல்லாம் முதல் நாளே அடைக்க முயலாமல், என்னென்ன பூட்டியிருக்கிறது, என்ன தெரிகிறது என்று அவனை உட்காரவைத்துத் திரையிலேயே காட்டிவிடுங்கள். 11 வயதுக்கு அது புரியும். ஆப் வேண்டுமென்று கேட்டு வரும் கோரிக்கைக்கு அன்றைக்கே பதில் போடுங்கள், "இல்லை" என்றாலும் சரி. பதிலே வராத கோரிக்கைதான் பிள்ளையைச் சுற்றுவழி தேட வைக்கும்.

இன்ஸ்டாகிராம் கேட்பான். குறைந்த வயது 13, அதற்குமுன் வேண்டாம். 13-இல் உண்மையான பிறந்த தேதியோடு திறந்தால் 2024-இல் வந்த பதின்வயதுக் கணக்கு தானாகவே அமையும். கணக்கு தனிப்பட்டதாக இருக்கும், இரவு 10 முதல் காலை 7 வரை அறிவிப்பு வராது, 60 நிமிடம் ஆனால் நினைவூட்டும். 16-க்குக் கீழே இவற்றைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி தேவை. மேற்பார்வை இணைத்தால் கடந்த 7 நாளில் யாரோடு பேசினான் என்று தெரியும், என்ன பேசினான் என்று தெரியாது. எனக்கு அது சரியான எல்லையாகவே படுகிறது.

---

தொட்டில்கணக்கு:

ஒன்று விட்டுப்போயிற்று. ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோர் புரொஃபைலுக்குள் "பேமெண்ட்ஸ் மற்றும் சந்தாக்கள்", ஐபோனில் அமைப்புகளின் மேலே உங்கள் பெயரைத் தட்டி "சந்தாக்கள்", அங்கே போய் ரத்து செய்ய வேண்டும். ஐபோனில் இலவசச் சோதனை முடிய 24 மணி நேரத்துக்கு முன்பே செய்துவிடுங்கள். நீங்கள் அழித்த மருந்து ஆப்பில் குழந்தையின் பெயர், பிறந்த தேதி, எடை போட்டிருந்தால், திரும்ப ஒருமுறை நிறுவி, உள்ளே "கணக்கை நீக்கு" என்பதைத் தட்டிவிட்டு அழியுங்கள். வெறுமனே அழித்தால் போனில் இருந்துதான் போகும், அவர்கள் சர்வரில் அப்படியே கிடக்கும்.